அடி விழுந்த இடம் வேறு, போய்ச் சேர்ந்த இடம் வேறு

லாரியின் பின்பக்கத்தில் மோதிய ஓர் அம்பாசடர் பட்டறைக்கு வந்து இறங்கினால், சுற்றி நிற்கிறவர்களின் கண் எல்லாம் முன்பக்கத்துக்குத்தான் போகும். கிரில் உள்ளே போய்விட்டது. பானெட் கூரை போல மடிந்து நிற்கிறது. ரேடியேட்டரிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது, ஒரு ஹெட்லைட் வானத்தைப் பார்க்கிறது. "வண்டி அவ்வளவுதான், காயலான் கடைக்குத்தான்" என்பார் ஒருவர். "டிங்கரிங் பண்ணிடலாம் சார், பத்தே நாள்" என்பார் இன்னொருவர். இருவருமே பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை. கிரிலும் பானெட்டும் ரேடியேட்டரும் கழற்றி மாட்டுகிற சாமான்கள். சென்னைப் புதுப்பேட்டையில் நாலு கடை ஏறி இறங்கினால் கிடைத்துவிடும். வண்டி தேறுமா தேறாதா என்பதற்கான பதில் முன் சீட்டுக்கு அடியிலும், பின் கதவுக்கு மேலே கூரை வந்து சேரும் மூலையிலும், பின் ஸ்பிரிங் பட்டை மாட்டிய இடத்திலும் இருக்கிறது.

முதலில் கணக்கு. அம்பாசடரின் எடை சுமார் 1,150 கிலோ. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 1,60,000 ஜூல். அதே வண்டியை 14 மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டால் தரையைத் தொடும் கணத்தில் எவ்வளவு ஆற்றல் இருக்குமோ அவ்வளவு. வேகம் இரண்டு மடங்கானால் இது நான்கு மடங்காகும். மோதலில் வண்டி நின்றுவிடுகிறது, ஆற்றல் மட்டும் எங்காவது செலவாகியே தீர வேண்டும். தகட்டை மடக்கும், வெல்டிங்கைக் கிழிக்கும், போல்ட்டை அறுக்கும். மிச்சம் இருந்தால் உள்ளே உட்கார்ந்திருப்பவரின் நெஞ்சில் இறங்கும்.

இப்போதைய கார்களில் முன்பக்கம் திட்டமிட்டு நசுங்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. பெலா பாரெனி என்ற மெர்சிடிஸ் பொறியாளர் 1951-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த யோசனை அது. 1959-ல் வந்த டபிள்யூ 111 மாடலில்தான் முதலில் முழுமையாகச் சாலைக்கு வந்தது. நம் அம்பாசடரோ 1950-களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3-ன் உடம்பு. உத்தரபாராவில் 2014 வரை அதே எலும்புக்கூட்டோடுதான் தயாரானது. எங்கே நசுங்க வேண்டும், எங்கே நசுங்கக் கூடாது என்று யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை. அதனால் மோதலின் விசை முன்பக்கத்தோடு அடங்காமல், எந்த வழி விறைப்பாக இருக்கிறதோ அந்த வழியாகப் பின்னால் ஓடும்.

"அந்தக் காலத்து இரும்பு, கனமான தகடு, ஒண்ணும் ஆகாது" என்று சொல்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 2009-ல், தன் பொன்விழாவை ஒட்டி, 1959 மாடல் செவர்லே பெல் ஏரையும் 2009 மாடல் செவர்லே மாலிபூவையும் மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர், பாதி முகம் படும்படி மோதவிட்டது. மாலிபூவின் முன்பக்கம் அப்பளமாக நொறுங்கியது, ஆனால் ஓட்டுநர் அறை அப்படியே நின்றது. பெல் ஏரில் ஓட்டுநர் அறையே உள்ளே குலைந்துபோனது. தகட்டின் கனத்தை விட, விசை எந்த வழியாகப் போகிறது என்பதுதான் முக்கியம்.

அந்த வழி வண்டிக்கு வண்டி மாறும். சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டு. வடிவம் தந்தவர் இத்தாலியின் மிக்கெலோட்டி. அதற்குத் தனி சேசிஸ், அதாவது அடிச்சட்டம், உண்டு. உடம்பு பல துண்டுகளாகப் போல்ட் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கும். பானெட்டும் இரண்டு பக்க மட்கார்டும் ஒரே துண்டாக முன்னோக்கித் திறந்துகொள்ளும். மோதிய ஹெரால்டில் அந்த முன்துண்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தேவைப்பட்டால் உடம்பையே தூக்கிவிட்டு, சேசிஸை மட்டும் தரையில் வைத்து அளக்கலாம். மிக மோசமாக இருந்தால் வேறு சேசிஸே மாற்றலாம். அதில் ஒரு சட்டச் சிக்கல் உண்டு, பிறகு வருகிறேன்.

அம்பாசடர் அப்படியல்ல. அது மோனோகாக். தரைத்தகடு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச்சட்டம், கூரையைத் தாங்கும் தூண்களான பில்லர்கள், கூரை எல்லாம் சேர்ந்துதான் பாரம் தாங்குகின்றன. தனியாகக் கழற்றி அளக்கிற எலும்பு எதுவும் இல்லை. போதாததற்கு, பழைய அம்பாசடர்களின் முன் சஸ்பென்ஷனில் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்குக் கம்பிகள் இருக்கும். முன்சக்கரத்தின் கீழ்க்கையிலிருந்து அந்தக் கம்பி பின்னோக்கி ஓடி, தரைக்கு அடியிலுள்ள குறுக்குச் சட்டத்தில் மாட்டியிருக்கும். முன்சக்கரம் எதிலாவது மோதி வேகமாகப் பின்னுக்குத் தள்ளப்பட்டால் அந்தக் குறுக்குச் சட்டமும் உதை வாங்கலாம். முன்பக்கத்தை மட்டும் அழகாக நிமிர்த்தி, பெயிண்ட் அடித்து, மெத்தை தைத்துக் கொடுத்த வண்டி எவ்வளவு அலைன்மென்ட் பார்த்தாலும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே போவதற்கு இதுபோன்ற இடங்கள்தான் காரணம்.

அதனால் சுத்தியலைக் கையில் எடுக்கும் முன் அளக்க வேண்டும். லேசரால் அளக்கும் பெஞ்ச் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். சமதளமான சிமென்ட் தரையில் வண்டியை நாலு ஸ்டாண்டின் மேல், மட்டம் பார்த்து நிறுத்துங்கள். அடியில் இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்கும் துளைகளைத் தேர்ந்தெடுங்கள்: முன் சஸ்பென்ஷன் மாட்டும் துளை, பின் ஸ்பிரிங் பட்டையின் முன்முனை போல்ட், அதன் பின்முனையிலுள்ள ஷாக்கிள் போல்ட். ஒவ்வொன்றிலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டு, ஆட்டம் நின்றதும் தரையில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். பிறகு வண்டியை இறக்கி நகர்த்திவிட்டால் அதன் எலும்புக்கூடு தரையில் படமாகக் கிடக்கும். இப்போது குறுக்காக மூலைக்கு மூலை அளக்க வேண்டும்.

முன்புள்ளிகளுக்கும் பின்புள்ளிகளுக்கும் இடையே 2,400 மி.மீ., அகலம் 1,000 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மூலைவிட்டம் இரண்டும் சரியாக 2,600 வர வேண்டும். இடது முன்மூலை மட்டும் 10 மி.மீ. பின்னுக்குப் போயிருந்தால் அந்தப் பக்க மூலைவிட்டம் 2,591 ஆகிவிடும். பத்து மி.மீ. வித்தியாசத்தை வண்டியைச் சுற்றிவந்து கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. டேப் உடனே காட்டிக்கொடுக்கும். இப்போதைய மோனோகாக் கார்களுக்கு 3 மி.மீ. வரைதான் விலகலாம் என்று வைத்திருக்கிறார்கள். பழைய வண்டி தொழிற்சாலையிலிருந்து வெளியே வரும்போதே அவ்வளவு துல்லியமாக இருந்திருக்காது என்பதால் அதற்குச் சற்றுத் தாராளம் காட்டலாம். ஆனால் சென்டிமீட்டர் கணக்கில் விலகினால் அது டிங்கரிங் வேலை இல்லை, இழுத்து நிமிர்த்தும் வேலை.

டேப் இல்லாமலேயே தெரியும் தடயங்களும் உண்டு. கதவைச் சாத்திப் பாருங்கள், மேலே இடைவெளி குறுகிக் கீழே விரிந்திருந்தால் பில்லர் சாய்ந்திருக்கிறது. பின் கதவுக்கு மேல் கூரையில் கையைத் தடவினால் மெல்லிய அலை தட்டுப்படுகிறதா? முன்னால் வாங்கிய அடி அங்கே வரை வந்திருக்கிறது. அடிப்பக்கத் தகடுகள் சேரும் இடத்தில் பழைய பெயிண்ட் கோடாக வெடித்து, உள்ளே இரும்பு பளபளவென்று தெரிந்தால் அது புதுக் கிழிசல். துருவேறிய கிழிசல் என்றால் முந்தைய விபத்தின் கணக்கு. முன்னால் யாரோ மறைத்து விற்றிருக்கிறார்கள்.

அளந்தாயிற்று. நிமிர்த்த முடியுமா? இங்கேதான் உலோகத்தின் குணம் குறுக்கே வருகிறது. கட்டுக்கம்பி ஒன்றைக் கூர்மையாக மடக்கிவிட்டு மறுபடி நேராக்கிப் பாருங்கள். மடங்கிய இடம் நிமிராது. அதற்குப் பக்கத்தில் புதிதாக வளையும். மடங்கும்போது இரும்பின் படிகங்களுக்குள் அணுவரிசைகள் நழுவுகின்றன. நழுவிய வரிசைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு அந்த இடத்தைக் கெட்டியாக்கிவிடுகின்றன. கெட்டியான இடம் மறுபடி நழுவ மறுக்கும். வற்புறுத்தினால் விரிசல் விடும். விபத்துப் பழுது பார்ப்பவர்களின் பொதுவிதி இதிலிருந்து வந்ததுதான்: பெரிய வளைவாக வளைந்திருந்தால் நிமிர்த்து, சின்ன இடத்தில் முறிந்த மடிப்பாக இருந்தால் வெட்டி எடுத்துப் புதிதாக வை.

ஒரு விஷயத்தில் பழைய கார் புதிய காரை விட அதிர்ஷ்டசாலி. அதன் உடம்பு முழுக்க மென் எஃகு. காஸ் டார்ச்சில் சிவக்கக் காய்ச்சினால் சிக்கிய படிகங்கள் கலைந்து புதிதாக உருவாகும், இரும்பு மறுபடி இளகும். நீண்டுபோன தகட்டைச் சூடாக்கி ஈரத்துணி வைத்துச் சுருக்கும் டிங்கர்கள் படிக்காமலே செய்யும் உலோகவியல் அது. இன்றைய கார்களின் பில்லர்களில் இருக்கும் போரான் எஃகை இப்படிக் காய்ச்சினால் வலிமை போய்விடும், திரும்ப வராது. நல்ல டிங்கர் கிடைத்தால் எழுபது வயது வண்டியின் தகட்டை மீட்டுவிடலாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இந்தத் தாராளம் வார்ப்பு இரும்புக்கும் அலுமினிய வார்ப்புக்கும் பொருந்தாது. மோதலில் வண்டி நின்றாலும் இன்ஜின் முன்னோக்கிப் போகப் பார்க்கும். இன்ஜின் மவுண்டின் காது, கியர்பாக்ஸ் தொப்பியின் விளிம்பு இரண்டிலும் மயிரிழை விரிசல் விழும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, சிவப்பு ஊடுருவு சாயத்தைத் தடவி, கால் மணி நேரம் விட்டுத் துடைத்துவிட்டு, வெள்ளை டெவலப்பரைத் தெளித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு தானாக எழுந்து வரும். பட்டறையில் பார்க்கக்கூடிய மிக அழகான சோதனை இதுதான். சக்கரத்தைத் திருப்பவும் தாங்கவும் செய்கிற ஸ்டீயரிங் கை, டை ராடு, ஸ்டப் ஆக்சில் போன்றவை வளைந்திருந்தால் பேச்சே வேண்டாம், மாற்றிவிட வேண்டும். அடித்து நிமிர்த்திய டை ராடு ஒரு நாள் வளைவில் அறுந்தால், அப்புறம் வண்டியைக் காப்பாற்றுவது பற்றி யோசிக்க ஆள் இருக்க மாட்டார்.

பல வண்டிகளின் தலைவிதியைத் தீர்மானிப்பது விபத்துகூட இல்லை, துரு. தகட்டின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். துரு தின்று கனம் பாதியானால், வளைவதை எதிர்க்கும் விறைப்பு எட்டில் ஒன்றாகிவிடும். பெட்டிச்சட்டத்துக்குள் துரு ஏறியிருந்தால் இழுக்கும் இயந்திரம் பிடிக்க நல்ல இரும்பே இருக்காது. இழுத்தால் நிமிராது, கிழியும். காந்தம் ஒன்றை அந்தச் சட்டத்தின் மேல் நகர்த்திப் பாருங்கள். ஒட்டாத இடமெல்லாம் புட்டி, பள்ளத்தை நிரப்பிப் பூசிய பசை. புட்டி மட்டுமே பிடித்துவைத்திருந்த வண்டியை மீட்பது வீண் வேலை என்பது என் கருத்து. மனம் கேட்காதுதான்.

இதற்கெல்லாம் பிறகுதான் பணம். பழைய வண்டிக்குப் பலர் எடுப்பது தர்ட் பார்ட்டி மட்டும். சொந்தச் சேதத்துக்கு அதில் ஒரு பைசா வராது. முழு இன்சூரன்ஸ் இருந்தாலும், ஐந்து ஆண்டு தாண்டிய வண்டியின் மதிப்பு இரு தரப்பும் பேசி முடிவு செய்வது. பழுதுச் செலவு அந்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பு என்று கணக்கை முடித்துவிடுவார்கள். மதிப்பு 1,50,000 ரூபாய் என்று போட்டிருந்தால் 1,12,500-தான் எல்லை. மோனோகாக் நிமிர்த்தி, பெயிண்ட் வரை போனால் இன்றைக்கு அது எந்த மூலைக்கு? பத்து ஆண்டு தாண்டிய வண்டியின் உலோக உதிரிபாகங்களுக்கு வழக்கமாகப் பாதித் தேய்மானமும் கழிப்பார்கள். ஆகவே போட்டோவும் பில்லும் காட்டி மதிப்பை முன்கூட்டியே உயர்த்திப் போடுவது புத்திசாலித்தனம்.

மதிப்பு உயர உயர எதுவும் பழுதுபார்க்கத் தக்கதாகிவிடும் என்பதற்கு நடிகர் ரோவன் அட்கின்சனின் மெக்லாரன் எஃப் 1 சாட்சி. 1997-ல் அவர் வாங்கிய கார். 2011-ல் கேம்பிரிட்ஜ்ஷயரில் மரத்தில் மோதி உருக்குலைந்தது. இன்சூரன்ஸ் நிறுவனம் சுமார் 9,10,000 பவுண்டு செலவு செய்தது. வேலை ஓராண்டுக்கு மேல் நடந்தது. 2015-ல் அந்தக் கார் 80 லட்சம் பவுண்டுக்கு விலைபோனது. மொத்தம் 106-தான் தயாரான வண்டிக்கு அது நடக்கும். அம்பாசடருக்கு அந்தக் கணக்கு வராது. தாத்தா ஓட்டிய வண்டி என்பதற்காகச் செலவழிக்கலாம், தப்பே இல்லை. ஆனால் அதை முதலீடு என்று வீட்டில் சொல்லாதீர்கள்.

முன்பு சொன்ன சட்டச் சிக்கலுக்கு வருவோம். 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டி விண்டேஜ் வாகனமாகப் பதிவாகலாம், 'விஏ' எழுத்துள்ள நம்பர் கிடைக்கும். ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். ஹெரால்டுக்கு வேறு சேசிஸ் போட்டால் வண்டி ஓடும், விண்டேஜ் அந்தஸ்து கேள்விக்குள்ளாகும். இங்கிலாந்தில் நெடுங்காலம் இருந்த முறைப்படி, பெரிதும் மாற்றிக் கட்டிய வண்டி தன் பழைய பதிவைத் தக்கவைக்க 8 புள்ளி வேண்டியிருந்தது. சேசிஸ் அல்லது மோனோகாக்குக்கு 5, இன்ஜினுக்கு 1. இன்ஜினை உயிர் என்று நினைக்கிற நமக்கு அந்த ஒரு புள்ளி வியப்பாக இருக்கலாம். இரண்டு வண்டிகளின் நல்ல பாதிகளை வெட்டி ஒட்டுவது சட்டப்படியும் ஆபத்து, ரோட்டிலும் ஆபத்து.

வேண்டாம் என்று முடிவானால் கதவு, கண்ணாடி, டேஷ்போர்டு, கியர்பாக்ஸ் எல்லாம் இன்னொரு வண்டிக்குப் போகட்டும். ஆனால் ஆர்.சி. புத்தகத்தைக் காயலான் கடைக்காரரிடம் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். ஓட முடியாத அளவுக்கு அழிந்த வண்டியைப் பற்றி 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை அனுப்பிவிட வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு. சேசிஸ் நம்பர் அடித்த தகட்டையும் ஆர்.டி.ஓ. சொல்கிறபடி ஒப்படைத்துவிடுங்கள். இல்லையென்றால் அந்த நம்பர் யாரோ திருடிய வண்டியின் மேல் ஏறி, உங்கள் பெயரிலேயே ஊர் சுற்றும்.