தண்ணீர் தீர்ந்தால் என்ன ஆகும்?

தோசைக்கல் அதிகமாகக் காய்ந்துவிட்டால் மாஸ்டர் ஒரு கை தண்ணீரைத் தெளிப்பார். சுர்ரென்று ஆவியாகும் தண்ணீர் கல்லின் சூட்டையும் கொண்டுபோய்விடும். கார் இன்ஜினுக்குள் தண்ணீர் பீய்ச்சுவதும் இதற்காகத்தான். அங்கே தண்ணீர் எரிபொருள் அல்ல. 'தண்ணீரில் ஓடும் கார்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

டர்போ இன்ஜினில் காற்றை அழுத்தித் திணிக்கிறோம். அழுத்தினால் காற்று சூடாகும். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ பரவி வருவதற்குள், சிலிண்டரின் ஓரத்தில் மிச்சமிருக்கும் காற்று-பெட்ரோல் கலவை சூடு தாங்காமல் தானாகவே வெடிக்கும். இதுதான் நாக்கிங். முற்றினால் பிஸ்டனே உடையும், உருகும். தடுக்க இரண்டு வழி: ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தலாம், ஆனால் சக்தி குறையும்; கூடுதல் பெட்ரோல் விட்டுக் குளிர்விக்கலாம், ஆனால் பெட்ரோல் வீணாகும். ஒரு கிலோ பெட்ரோல் ஆவியாகும்போது ஏறக்குறைய 350 கிலோஜூல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். அதே ஒரு கிலோ தண்ணீர் இழுப்பது சுமார் 2,260 கிலோஜூல்! தண்ணீரை நாடுவது இதனால்தான்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் போர் விமானங்கள் தண்ணீரும் மெத்தனால் என்ற ஆல்கஹாலும் ஏறக்குறைய சரிபாதி கலந்த திரவத்தைப் பயன்படுத்தின. தொழிற்சாலையிலேயே பொருத்தி விற்கும் கார்களுக்கு இதை முதலில் கொண்டுவந்தது அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல். 1962-இல் வந்த ஜெட்ஃபயர் கார், 3.5 லிட்டர் டர்போ வி8 இன்ஜினில் 215 குதிரைத்திறன் தந்தது. அழுத்த விகிதம், அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பது, 10.25. டர்போ இன்ஜினுக்கு அது மிக அதிகம். அதைச் சமாளிக்க 'டர்போ ராக்கெட் திரவம்' என்ற தண்ணீர்-மெத்தனால் கலவைக்குத் தனி டேங்க் வைத்தார்கள். திரவம் தீர்ந்தால் ஒரு வால்வு மூடிக்கொண்டு டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும். இன்ஜின் பிழைக்கும், வேகம் போகும். பலர் டேங்கை நிரப்ப மறந்தார்கள். வண்டி இழுக்கவில்லை என்று புகார் வந்தது. 1963-உடன் ஜெட்ஃபயர் நின்றுபோனது. அந்த வால்வை யோசித்த பொறியாளர்கள்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

பிறகு பிஎம்டபிள்யூ தன் எம்4 ஜிடிஎஸ் காரில் 5 லிட்டர் தண்ணீர் டேங்க் வைத்து 500 குதிரைத்திறன் எடுத்தது. இன்ஜினை அணைத்ததும் குழாயில் மிச்சமிருக்கும் தண்ணீர் டேங்குக்கே திரும்பிவிடும், உறைந்து அடைக்கக்கூடாது என்பதற்காக.

இப்போது தண்ணீர் பீய்ச்சும் கிட் வாங்கித் தாங்களே மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நினைத்தால்தான் கவலை. போர்வெல் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படிந்து, தண்ணீரைப் பீய்ச்சும் முனையான நாசில் அடைபடும். டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். அளவு கூடினால் தீ சரியாகப் பிடிக்காது, ஆயிலிலும் தண்ணீர் கலக்கும். நாசில் ஒழுகி ராத்திரி முழுக்க சிலிண்டரில் தண்ணீர் தேங்கினால், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது பிஸ்டனால் அதை அழுத்த முடியாது. பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். வெள்ளத்தில் மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று சொல்வதும் இதே காரணத்தால்தான்.

எல்லாவற்றையும்விட ஆபத்து, தண்ணீரை நம்பி டர்போ அழுத்தத்தை ஏற்றி, ஸ்பார்க்கையும் முன்கூட்டியே வரும்படி வைத்துவிட்ட பிறகு பம்ப் நின்றுபோவது. முழு வேகத்தில் போகும்போது நின்றால், ஓட்டுகிறவர் சுதாரிப்பதற்குள் பிஸ்டன் போய்விடலாம். அதனால் கிட் மாட்டும் மெக்கானிக்கிடம் முதலில் கேளுங்கள்: தண்ணீர் வராவிட்டால் அழுத்தம் தானாகக் குறையுமா? 1962-இல் ஒரு வால்வு செய்த வேலை அது. இல்லை என்றால் மாட்டாதீர்கள்.