தப்பான நிரல் சொன்ன சரியான விடை

ஓர் எண் பகா எண்ணா இல்லையா என்று சொல்லும் நிரல் என் பார்வைக்கு வந்தால், நான் முதலில் கொடுத்துப் பார்ப்பது 4294967297. அதாவது, 2³² + 1. எழுதியவர்கள் பெரும்பாலும் 17, 91, 101 என்று நாலைந்து எண்களைப் போட்டுப் பார்த்துவிட்டு அனுப்பியிருப்பார்கள். பிழை அங்கே தலைகாட்டாது.

இந்த எண் பார்ப்பதற்குப் பகா எண் போலவே இருக்கும். ஒற்றைப்படை. இலக்கங்களின் கூட்டுத்தொகை 59, ஆகவே 3 வகுக்காது. 5, 7, 11, 13 எதற்கும் மசியாது. ஒன்றைக் கழித்து, வர்க்கப்படுத்தி, ஒன்றைக் கூட்டினால் அடுத்த எண் கிடைக்கும்படி 3, 5, 17, 257, 65537 என்று வரும் வரிசையில் அடுத்தது இது. இதுவும் பகா எண் என்றுதான் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். 1732இல் இன்னொரு கணித அறிஞரான ஆய்லர் அந்த நம்பிக்கையை உடைத்தார். இதை வகுக்கும் எண் எதுவானாலும் 64இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே மாட்டிக்கொண்டது: 641 × 6700417. இரண்டும் பகா எண்கள்.

சரி, நிரலுக்கு வருவோம். 32 பிட் மாறியில் 2³²க்குக் குறைந்த எண்கள்தான் அடங்கும்; அதில் போட்டால் இந்த எண்ணிலிருந்து 2³² காணாமல் போய், சத்தமில்லாமல் 1 ஆகிவிடும். இதையாவது சீக்கிரம் கண்டுபிடித்துவிடலாம். அடுத்தது கொஞ்சம் வில்லங்கம்.

பலரும் எழுதுவது ஃபெர்மா சோதனை: 2ஐ, எண்ணில் ஒன்று குறைத்த அடுக்குக்கு உயர்த்தி, அதே எண்ணால் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். பகா எண் என்றால் கட்டாயம் வரும். ஆனால் 4294967297க்கும் 1 வருகிறது! அதாவது பிழையே இல்லாமல் எழுதிய நிரல் இதைப் பகா எண் என்று சொல்லிவிடும். இதையே 64 பிட் குறியற்ற (எதிர்ம எண்களுக்கு இடம் தராத) மாறியில் அஜாக்கிரதையாக எழுதினால், அந்தப் பெரிய அடுக்கை எட்ட 2ஐ அடுத்தடுத்து வர்க்கப்படுத்தும்போது 2³² வரை ஒழுங்காகப் போகும். அதன் வர்க்கம் 2⁶⁴. மாறியில் அதற்கு இடமில்லை, 0 ஆகிவிடும். கடைசி வரை 0தான். மீதி 1 இல்லை, ஆகவே பகு எண் என்று நிரல் சொல்லும். விடை சரி, வந்த வழி முழுக்கத் தப்பு. விடையை மட்டும் சரிபார்க்கிறவர் இதற்கு ஒப்புதலே கொடுத்துவிடுவார்.

அடுக்குக்கு உயர்த்தும் எண்ணை, அதாவது அடிமானத்தை, 2க்குப் பதில் 3 ஆக்கினால் இந்த எண் சிக்கிவிடும். ஆனால் 3ஐ ஏமாற்றும் பகு எண்களும் உண்டு. அதனால் ஃபெர்மா சோதனையையே இன்னும் கறாராக்கிய மில்லர்–ராபின் சோதனையை எடுங்கள். 64 பிட்டுக்குள் அடங்கும் எண்களுக்கு 2 முதல் 37 வரையுள்ள 12 பகா எண்களை அடிமானமாக வைத்தால் போதும், விடை உறுதி. பெருக்கலை மட்டும் 128 பிட்டில் செய்யுங்கள். பைத்தானில் முழு எண்ணுக்கு அளவு வரம்பு இல்லாததால் இந்தத் தொல்லை கிடையாது.

அப்புறம், சோதிக்கும்போது ஒவ்வொரு படியின் மீதியையும் அச்சிட்டுப் பாருங்கள். ஒற்றைப்படை எண்ணால் வகுக்கும்போது 2இன் எந்த அடுக்குக்கும் மீதி 0 வர வழியே இல்லை. வந்தால், அந்த வரியில்தான் எண் மாறியை மீறியிருக்கிறது.