அந்த 40 நொடி வீடியோ எனக்கும் வந்தது

தீக்காயப் பிரிவில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன், 14 வருடம் ஆகிறது. தோல் ஒட்டு அறுவை சிகிச்சை முடிந்த பிறகு அந்தப் புதுத்தோல் சுருங்கி மூட்டுகளை இழுத்துப் பிடித்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலையில் பெரும்பகுதி. அக்குள் பகுதி வெந்தவர்களைச் சுவருக்கு முன்னால் நிற்கவைத்து, விரல்களாலேயே சுவரில் மேலே ஏறச் சொல்வோம், சிலந்தி ஏறுகிற மாதிரி. எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. மறுநாள் அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டும். தழும்பு இராத்திரியோடு இராத்திரியாக இறுகிவிடும் என்பதால் நேற்று எட்டிய கோடு இன்று எட்டாமல் போவதும் உண்டு, அப்போது அவர்கள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

நான் சொல்ல வந்த தம்பிக்கு இருபதைத் தாண்டிய வயது. ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரில் பெட்ரோல் ஊற்றும்போது சிந்தி, சட்டையில் தீப்பிடித்துக்கொண்டது. அவரை வார்டில் பார்ப்பதற்கு முன்பே நான் போனில் பார்த்துவிட்டேன். யாரோ தள்ளி நின்று எடுத்த வீடியோ, அதற்கு மேல் ஒரு குத்துப்பாட்டு, அவர் தீயோடு ஓடுவது ஆடுவது போலத் தெரியும்படி பாட்டின் தாளத்துக்குச் சரியாக வெட்டி ஒட்டியிருந்தார்கள். என் சொந்தக்காரர்கள் இருக்கிற ஒரு குரூப்பில் வந்தது, கீழே கண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக. நான் சிரிக்கவே இல்லை என்று எழுத ஆசைதான், ஆனால் உண்மை அதுவல்ல. முதல் இரண்டு மூன்று நொடி என்ன நடக்கிறது என்று புரியாமல் பாட்டுக்குத் தகுந்தாற்போல் கைகால் ஆடுவதை மட்டும் பார்த்தபோது உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம்தான் தீ கண்ணில் பட்டது. தினமும் தீக்காயத்தைத் தொட்டு வேலை செய்கிற எனக்கே அந்தப் பாட்டு அப்படி ஒரு மூன்று நொடியைச் செய்ய முடிந்தது என்றால், மற்றவர்களை நான் என்ன குறை சொல்வது.

இன்னொரு மருத்துவமனையிலிருந்து அவரை எங்களிடம் மாற்றிக் கொண்டுவந்தபோது அவர்தான் இவர் என்று எனக்குத் தெரியாது. அவருடைய அண்ணன் சொல்லித்தான் தெரிந்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது யாருக்காவது என்றைக்காவது உதவும். உடையில் தீப்பிடித்தவர் ஓடத்தான் செய்வார், அந்த நேரத்தில் மூளை வேறெதையும் சொல்லாது. ஓட ஓடக் காற்றில் தீ வளரும், நிமிர்ந்திருக்கும்போது சுவாலை முகத்தை நோக்கி ஏறும். ஆகவே பக்கத்தில் இருப்பவர்தான் அவரை நிறுத்திப் படுக்கவைத்து உருட்ட வேண்டும், கனமான போர்வையோ பருத்தித் துணியோ போட்டு மூட வேண்டும். தீ அணைந்ததும் காயத்தின் மேல் ஓடுகிற குளிர்ந்த குழாய்த் தண்ணீர் 20 நிமிடம். தாமதமாகிவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம், தீப்பட்டு மூன்று மணி நேரத்துக்குள் ஊற்றினால்கூடப் பலன் உண்டு. ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம், எண்ணெய் வேண்டாம். மோதிரம், வளையல், காயத்தில் ஒட்டாத துணி எல்லாவற்றையும் வீக்கம் வருவதற்குள் கழற்றிவிடுங்கள், காயம் படாத உடம்பைப் போர்த்தி வையுங்கள், பெரிய காயத்தில் உடல் சீக்கிரம் சில்லிட்டுவிடும். வீடியோவில் அந்த 40 நொடியும் ஒருவர் போனை ஆடாமல் அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஒவ்வொரு நொடியும் காயம் ஆழமாகிக்கொண்டே போகும், அந்த ஆழம்தான் பிறகு அவர் சுவரில் எந்தக் கோட்டை எட்டுவார் என்பதைத் தீர்மானிக்கிறது.

முகத்தில் காயம் பட்டவர்களுக்கு முதல்முறை கண்ணாடி காட்டுவதை நாங்கள் தற்செயலாக விடுவதில்லை. எப்போது, யார் பக்கத்தில் இருக்கும்போது, முதலில் கையில் பிடிக்கிற சின்னக் கண்ணாடியா பெரியதா என்று அவரிடமே பேசிவைத்துக்கொண்டுதான் செய்வோம். அவருடைய தயார்நிலை ஒன்றுதான் கணக்கு. இந்தத் தம்பி விஷயத்தில் நாங்கள் நாள் குறிப்பதற்குள் யாரோ ஒரு நண்பர் 'டேய், நீ செம வைரல்டா' என்று எழுதி அந்த வீடியோவை அவருக்கே அனுப்பிவிட்டார். தான் எரிவதை அவர் முதன்முதலில் பாட்டோடுதான் பார்த்தார்.

அதன் பிறகு ஒரு நாள் காலை சுவரில் ஏறிக்கொண்டிருந்தார். தோளுக்கு மேலே நான்கு விரற்கடை வந்துவிட்டது, இன்னும் இரண்டு அங்குலம் போனால் முந்தின நாள் கோடு. வெளியே வராந்தாவில் யாரோ ஒருவருக்குப் போன் அடித்தது. அதே பாட்டு. பாவம், அவருக்கு என்ன தெரியும், அது அவர் ரிங்டோன், அவ்வளவுதான். இவர் கை சுவரிலிருந்து அப்படியே விழுந்தது. உட்கார்ந்துவிட்டார், வியர்த்துக் கொட்டியது, அன்றைக்கு மட்டுமில்லை, நான்கு நாள் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் வர மறுத்துவிட்டார். அந்த நான்கு நாளில் தழும்பு சும்மா இருக்கவில்லை, திரும்ப வந்தபோது கை தோள் உயரத்தைத் தாண்டவில்லை. வேடிக்கை பார்ப்பவரின் சிரிப்புக்கு ஒரு மூட்டின் அசைவில் கணக்குப் போட முடியும் என்பதை அன்று அளவுகோலை வைத்து நானே அளந்து எழுதினேன்.

இப்படி எழுதுவதால் தீக்காய வார்டு எப்போதும் அழுகையாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே சிரிப்பு நிறைய உண்டு. இதே தம்பிக்குத் தொடையிலிருந்து தோல் எடுத்து உள்ளங்கைப் பக்கம் ஒட்டியிருந்தார்கள். ஒருநாள் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து கைகுலுக்கிவிட்டுப் போனதும், பக்கத்துப் படுக்கைக்காரரிடம், "இனிமே என்கிட்ட கை குலுக்குறவங்க எல்லாம் என் தொடையைத்தான் குலுக்குறாங்க அண்ணே" என்றார். வார்டே சிரித்தது. சிஸ்டர் சிரித்தார், நான் சிரித்தேன், அவர் சிரிக்கும்போது கன்னத்துத் தழும்பு இழுத்து வலித்தது, அதற்கும் சேர்த்துச் சிரித்தார். அன்றுதான் அவர் பழையபடி ஆகிவிடுவார் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

சரி, நான் செய்த தவறு இங்கேதான். அந்த ஜோக் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அந்த மாதமே நண்பர்கள் கூடிய ஓர் இடத்தில் சொன்னேன், எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு மாணவர்களுக்கு ஒரு வகுப்பு எடுத்தபோது, அவருடைய கையின் படத்தைத் திரையில் போட்டு அதே ஜோக்கைச் சொன்னேன். வகுப்பு கலகலத்தது. முன்வரிசையில் ஒரு பெண் மட்டும் சிரிக்காமல் தன் முழங்கையை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டதைப் பார்த்தேன். அங்கே பழைய தழும்பு. வகுப்பு முடிந்து அவளிடம் போய், "மன்னிச்சிரும்மா" என்றேன். "பரவாயில்ல மேடம், பழகிடுச்சு" என்றாள்.

அந்தப் 'பழகிடுச்சு' என்னை விடவே இல்லை. வார்த்தை மாறவில்லை, ஜோக் அதே ஜோக்தான். அவர் வாயில் அது தன் உடம்பைத் தான் திரும்ப எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது, என் வாயில் அவர் உடம்பை நான் எடுத்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்ட் 1927-ல் நகைச்சுவையைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு கைதி வருவான், திங்கட்கிழமை காலை தூக்கு மேடைக்குக் கூட்டிப் போகும்போது 'வாரம் நல்லாத்தான் ஆரம்பிக்குது' என்பான். அந்த ஆளின் துணிச்சலைப் பார்த்து நாம் சிரித்துவிடுவோம். அதே வாசகத்தைத் தூக்குப் போடுகிறவர் சொல்வதாக நினைத்துப் பாருங்கள். மருத்துவத் துறையில் நாங்கள் எங்களுக்குள் இருண்ட நகைச்சுவை பேசிக்கொள்வது உண்மை, அது இல்லாமல் சில இரவுகளைத் தாண்ட முடியாது என்பதும் உண்மை. ஆனால் எங்கள் சோர்வையும் எங்கள் தோல்வியையும் பார்த்துச் சிரிப்பது ஒன்று, படுக்கையில் இருப்பவரைப் பார்த்துச் சிரிப்பது வேறொன்று. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அவர் விழித்திருக்கிறார் என்று தெரிந்தால் இதைச் சொல்வோமா என்று இப்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். பல ஜோக்குகள் அந்த இடத்தில் நின்றுவிடுகின்றன.

கொஞ்ச நாள் போனால் எதை வைத்தும் சிரிக்கலாம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அமெரிக்காவை 2012 அக்டோபர் கடைசியில் சாண்டி புயல் தாக்கிய சமயத்தில் பீட்டர் மெக்ரா என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும், புயலைப் பற்றிய ஜோக்குகளை வெவ்வேறு நாட்களில் ஆட்களிடம் காட்டி எவ்வளவு வேடிக்கையாக இருக்கிறது என்று கேட்டார்கள். சேதம் தெரிந்த சில நாட்களில் சிரிப்பு குறைந்தது, பிறகு ஏறி, 36-வது நாளில் உச்சத்துக்குப் போனது, அதற்கப்புறம் மெல்ல இறங்கிவிட்டது. நல்ல ஆய்வுதான், ஆனால் அந்த 36 நாள் பார்ப்பவர்களின் கடிகாரம். எங்கள் வார்டில் 36-வது நாள் என்பது ஒருவர் தழும்பை அழுத்திப் பிடிக்கிற இறுக்கமான உடையைப் போட்டுக்கொள்ளக் கற்றுக்கொள்கிற நாள். ஒரு நாளில் 23 மணி நேரம் அதைப் போட்டிருக்க வேண்டும், தழும்பு முதிர்ந்து அடங்க ஒரு வருடம், சிலருக்கு ஒன்றரை வருடத்துக்கு மேல். உலகம் சிரித்து முடித்து அடுத்த வீடியோவுக்குப் போன பிறகும் இவர் அந்த உடைக்குள்தான் இருப்பார்.

அப்புறம் காசு. 'எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம்' என்று பழமொழி சும்மா வரவில்லை. அந்த வீடியோவுக்கு முன்னால் விளம்பரம் ஓடியது, எடுத்தவருக்கோ வெட்டி ஒட்டியவருக்கோ ஏதோ கொஞ்சம் கிடைத்திருக்கும், நடத்துகிற நிறுவனத்துக்கும் கிடைத்திருக்கும், எரிந்தவருக்கு மட்டும் ஒன்றுமில்லை. இதைச் சொல்லும்போது ஓர் இளம் டாக்டர் என்னிடம் நியாயமாகவே கேட்டார், நாமும் அடுத்தவர் வலியில்தானே சம்பளம் வாங்குகிறோம் என்று. வாங்குகிறோம். இரண்டு மூன்று நாள் யோசித்துத்தான் என்னால் பதில் சொல்ல முடிந்தது. என் வேலை சரியாக நடந்தால் அவருக்கு நான் தேவையில்லாமல் போவேன். அந்த வீடியோவில் காசு பார்ப்பவருக்கு அந்த ஆள் என்றென்றைக்கும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும், ஒவ்வொரு முறை தட்டும்போதும் முதலிலிருந்து. நிதி திரட்டுகிறவர்களுக்கும் இதைச் சொல்வேன். அழுகிற குழந்தையின் காயத்தைக் கிட்டத்தில் காட்டினால் பணம் அதிகம் வரும் என்று தெரிந்து, அந்தக் குழந்தை கட்டுப் பிரிக்கும்போது கதறுவதையே படம் எடுக்கக் காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நோக்கம் நல்லதாக இருக்கலாம். அந்தக் குழந்தை வளர்ந்து தன் பெயரைத் தேடும் நாளில் என்ன கிடைக்கும் என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய படம் போட வேண்டுமென்றால் அவருடைய எழுத்து ஒப்புதல் வேண்டும். கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை ஒட்டினால் போதாது என்று இதழ் ஆசிரியர்களின் சர்வதேச விதிமுறையே சொல்கிறது. ஒரு சில ஆயிரம் டாக்டர்கள் படிக்கிற இதழுக்கு இவ்வளவு, லட்சம் பேர் பார்க்கிற வீடியோவுக்கு ஒன்றுமே கிடையாது. எங்காவது கொஞ்சம் மாறியிருக்கிறது. ஜெர்மனியில் ஆதரவற்ற நிலையில் இருப்பவரைக் காட்சிப்பொருளாக்கிப் படம் எடுத்துப் பரப்புவது 2015 முதல் குற்றம், 2021 முதல் இறந்தவர்களின் படத்துக்கும் அது பொருந்தும், இரண்டு வருடம் வரை சிறை. 2017-ன் கடைசி நாளில் லோகன் பால் என்ற யூடியூபர், ஜப்பானின் அவோகிகஹாரா காட்டில் தற்கொலை செய்துகொண்ட ஒருவரின் உடலைக் காட்டி, நடுநடுவே சிரித்துப் பேசிய வீடியோவைப் போட்டார். எதிர்ப்பு கிளம்பியதும் எடுத்துவிட்டார், மன்னிப்பும் கேட்டார், யூடியூப் அடுத்த மாதமே அவரைத் தன் உயர்விலை விளம்பரத் திட்டத்திலிருந்து நீக்கியது. ஆனால் அதற்குள் லட்சக்கணக்கானோர் பார்த்துவிட்டார்கள். அவர்களும் இல்லாவிட்டால் அங்கே சந்தை ஏது?

ஆகவே அடுத்த முறை இப்படி ஒன்று வந்தால், அனுப்பியவரை எல்லார் முன்னாலும் திட்ட வேண்டாம், அவர் முறைத்துக்கொண்டு இன்னும் நாலு பேருக்கு அனுப்புவார். தனியாகக் கூப்பிட்டு, இவர் உயிரோடு இருக்கிறார், இவருக்கு அம்மா இருக்கிறார், எடுத்துவிடுங்கள் என்று சொல்லுங்கள். என் குரூப்பில் நான் அப்படித்தான் சொன்னேன், ஒரு பெரியப்பா கோபித்துக்கொண்டு மூன்று மாதம் பேசவில்லை, ஆனால் எடுத்துவிட்டார். கண்டிக்க வேண்டும் என்பதற்காகக்கூட அதைத் திரும்பப் பகிராதீர்கள். புகார் பொத்தான் இருக்கிறது, அதை அழுத்துங்கள். முக்கியமாக, பாதிக்கப்பட்டவருக்கே அனுப்பாதீர்கள், 'உனக்குத் தெரியட்டும்னுதான்' என்று அனுப்புவதும் சேர்த்துத்தான்.

இதை எழுதலாமா என்று அந்தத் தம்பியிடம் கேட்டேன். இப்போது கை காதைத் தாண்டிப் போகிறது, சட்டையைத் தானே போட்டுக்கொள்கிறார். எழுதியதை அவரிடம் படித்துக்காட்டினேன், ஊர், வேலை, நாள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னார். நான் முதலில் அந்தப் பாட்டின் பெயரை எழுதியிருந்தேன்.

"அதை எடுத்துருங்கக்கா. படிக்கிறவங்க தேடிப் பாப்பாங்க."

எடுத்துவிட்டேன். தொடை ஜோக்கையும் எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"அது இருக்கட்டும். ஆனா அது நான் சொன்னதுன்னு போடுங்க."