கலிபோர்னியா எவ்வளவு முற்போக்கு? வாக்குச்சீட்டைக் கேட்டுப் பார்ப்போம்

2020 நவம்பர் தேர்தலில் கலிபோர்னியாவில் 1 கோடியே 77 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள். அதிபர் பதவிக்கு ஜோ பைடனுக்கு 63.5 சதவீதம், டொனால்ட் ட்ரம்புக்கு 34 சதவீதம். அமெரிக்காவின் முற்போக்குக் கோட்டை என்று பெயர் வாங்கிய மாநிலம், அந்தப் பெயருக்கு ஏற்றபடியே வாக்களித்தது. ஆனால் அதே வாக்குச்சீட்டில் 16ஆம் முன்மொழிவு என்று ஒரு கேள்வியும் இருந்தது. அரசு வேலை, அரசு ஒப்பந்தம், அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கை ஆகியவற்றில் இனத்தையோ பாலினத்தையோ பார்த்து முன்னுரிமை தரக்கூடாது என்று 1996இல் மக்களே வாக்களித்துத் தடை போட்டிருந்தார்கள். அந்தத் தடையை எடுத்துவிடலாமா என்பதுதான் கேள்வி. பைடனின் ஜனநாயகக் கட்சி ‘ஆம்’ என்று சொல்லச் சொன்னது. 57 சதவீதம் பேர் ‘வேண்டாம்’ என்றார்கள்.

வாக்கு ரகசியமானது. யார் எதற்கு ஓட்டுப் போட்டார்கள் என்று பார்க்க வழியில்லை. ஆனாலும் மொத்த எண்ணிக்கையை மட்டும் வைத்தே ஒரு விஷயத்தை அடித்துச் சொல்லலாம். ‘வேண்டாம்’ வாக்குகள் சுமார் 96.5 லட்சம். பைடனைத் தேர்ந்தெடுக்காதவர்கள் என்று பார்த்தால், ட்ரம்ப் வாக்காளர்கள், மற்ற வேட்பாளர்களுக்குப் போட்டவர்கள், அதிபர் கட்டத்தை வெறுமனே விட்டவர்கள் எல்லோரையும் கூட்டினாலும் 67 லட்சம்தான் வருகிறது. அந்த 67 லட்சம் பேரும் ஒருவர் விடாமல் ‘வேண்டாம்’ என்று சொல்லியிருந்தாலும் மிச்சம் ஏறக்குறைய 30 லட்சம். அந்த வாக்குகள் பைடனைத் தேர்ந்தெடுத்த கைகளிலிருந்துதான் வந்திருக்க முடியும். இது குறைந்தபட்சக் கணக்கு. உண்மையான எண்ணிக்கை இதைவிட அதிகமாகவே இருந்திருக்கும். ஏனென்றால் ட்ரம்ப் வாக்காளர் அத்தனை பேரும் ஒரே பக்கம் நின்றிருப்பார்கள் என்பது நடக்காத காரியம்.

டங்கன், டேவிஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1953இல் முன்வைத்த எல்லைக் கணக்கு முறை இது. எந்த அனுமானமும் தேவையில்லை, கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும். 2008க்கும் இதையே போட்டுப் பார்க்கலாம். அந்த ஆண்டு ஒபாமா கலிபோர்னியாவில் 61 சதவீதம் பெற்றார். அன்றைக்கே ஒருபாலினத் திருமணத்தைத் தடை செய்யும் 8ஆம் முன்மொழிவும் 52 சதவீதத்தில் நிறைவேறியது. கணக்குப் போட்டால், ஒபாமாவுக்கு வாக்களித்தவர்களில் குறைந்தது 15 லட்சம் பேர் அந்தத் தடைக்கும் ‘ஆம்’ சொல்லியிருக்கிறார்கள்.

சரி, அப்படியானால் அந்த முற்போக்குப் பெயர் எங்கிருந்து வந்தது?

பெரும்பங்கு, அதிபர் தேர்தல் முறையிலிருந்து. கலிபோர்னியாவில் யார் ஒரு வாக்கு கூடுதலாக வாங்கினாலும் அதிபரை முடிவு செய்யும் மாநிலத் தேர்வாளர் வாக்குகள் அனைத்தும் அவருக்கே. 2020இல் அப்படி 55 வாக்குகளும் பைடனுக்குப் போயின. தொலைக்காட்சி வரைபடத்தில் மாநிலம் முழுக்க ஜனநாயகக் கட்சியின் நீல நிறம். அதே தேர்தலில் ட்ரம்புக்கு மிக அதிக வாக்குகள் தந்த மாநிலம் எது தெரியுமா? கலிபோர்னியாதான். 60 லட்சம் வாக்குகள், டெக்சாஸ் தந்ததைவிடவும் அதிகம். மாநிலம் பெரியது என்பதால் இதில் மர்மம் ஒன்றுமில்லை. ஆனால் வரைபடத்தில் அந்த 60 லட்சம் பேருக்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது.

இன்னொரு பங்கு, நினைவில் தங்கிய படங்களிலிருந்து. 1964 இலையுதிர் காலத்தில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் பேச்சுரிமைக்காகப் போராடினார்கள். அக்டோபர் 1ஆம் தேதி போலீஸ் காரைச் சூழ்ந்து உட்கார்ந்தார்கள், டிசம்பரில் நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். கலிபோர்னியா என்றதும் உலகம் இன்றும் நினைப்பது அந்தக் காட்சியைத்தான். இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில், நவம்பர் 3 அன்று, மாநிலத் தேர்தல் நடந்தது. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாடு கூடாது என்று சட்டமன்றம் முந்தைய ஆண்டு கொண்டுவந்த சட்டத்தை முறியடிக்கும் 14ஆம் முன்மொழிவு அன்று வாக்கெடுப்புக்கு வந்தது. 65 சதவீத ஆதரவோடு நிறைவேறியது. இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் குடிமை உரிமைகள் சட்டம் கொண்டுவந்த அதிபர் லிண்டன் ஜான்சனும் அன்று அங்கே 59 சதவீதம் வாங்கி ஜெயித்தார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967இல் 14ஆம் முன்மொழிவு செல்லாது என்று சொல்லும்படி ஆயிற்று. அதற்குள் 1966இல், பெர்க்லியைச் சரிசெய்வேன் என்று பிரசாரம் செய்த ரொனால்ட் ரீகன் ஏறக்குறைய 10 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் ஆளுநராகிவிட்டார். 1952 முதல் 1988 வரை நடந்த பத்து அதிபர் தேர்தல்களில் கலிபோர்னியா ஜனநாயகக் கட்சியை ஆதரித்தது 1964இல் மட்டும்தான். முற்போக்குப் பெயர் ஊன்றிய அந்தக் காலத்தில் அதிபர் தேர்தல்களில் மாநிலம் பெரும்பாலும் குடியரசுக் கட்சி பக்கம்தான் நின்றது.

ஒரு மாநிலத்தின் வாக்குப் பதிவேடு என்றால் எந்தப் பதிவேடு என்பதையும் கேட்டாக வேண்டும். அரசியல் அறிவியலாளர்கள் அதிகம் நம்புவது நாடாளுமன்ற உறுப்பினர்களின் வாக்குகளை. கீத் பூலும் ஹோவர்ட் ரோசன்தாலும் 1980களில் உருவாக்கிய நாமினேட் என்ற கணக்கு முறை, ஒவ்வொரு உறுப்பினரும் யாரோடு சேர்ந்து எத்தனை முறை வாக்களித்தார் என்பதைக் கொண்டு அவரை இடது-வலது கோட்டில் ஒரு புள்ளியாக நிறுத்துகிறது. இன்றைய அமெரிக்க நாடாளுமன்றத்தில் அந்த ஒற்றைக் கோடே பெரும்பாலான வாக்குகளை விளக்கிவிடுகிறது. ஒருவர் வரி பற்றி என்ன நினைக்கிறார் என்று தெரிந்தால் துப்பாக்கி பற்றி என்ன சொல்வார் என்றும் தெரிந்துவிடும். கட்சிக் கட்டுப்பாடு, நிதி, அடுத்த தேர்தலில் சீட்டு கிடைக்குமா என்ற பயம் எல்லாம் சேர்ந்து அவர்களை அந்தக் கோட்டில் நிறுத்துகின்றன.

மக்களுக்கு அந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. கலிபோர்னியாவில் அதை நேரில் பார்க்க முடிவதற்குக் காரணம் 1911இல் ஆளுநர் ஹைரம் ஜான்சன் காலத்தில் வந்த ஏற்பாடு. கடந்த ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 5 சதவீத அளவுக்குக் கையெழுத்து வாங்கினால் ஒரு சட்டத்தையும், 8 சதவீத அளவுக்கு வாங்கினால் அரசியல் சாசனத் திருத்தத்தையும் யார் வேண்டுமானாலும் நேராக மக்கள் முன் வைக்கலாம். வேட்பாளர் பெயர் பக்கத்தில் கட்சி இருக்கும். முன்மொழிவுக்குப் பக்கத்தில் கட்சிப் பெயர் கிடையாது, கேள்வி மட்டும்தான்.

இதற்கு எனக்குத் தெரிந்து 1978ஐவிடத் தெளிவான உதாரணம் இல்லை. ஜான் பிரிக்ஸ் என்ற குடியரசுக் கட்சி மாநில செனட்டர் அந்த நவம்பரில் இரண்டு முன்மொழிவுகளைக் கொண்டுவந்தார். ஒன்று, மரண தண்டனையை விரிவாக்கும் 7ஆம் முன்மொழிவு. மற்றொன்று, ஒருபாலின ஈர்ப்புள்ள ஆசிரியர்களைப் பள்ளி வேலையிலிருந்து நீக்க வழி செய்யும் 6ஆம் முன்மொழிவு. கொண்டுவந்த ஆள் ஒருவரே, தேதி ஒன்றே, வாக்குச்சீட்டும் ஒன்றே. முதலாவது 71 சதவீதத்தில் ஜெயித்தது. இரண்டாவது 58க்கு 42 என்று தோற்றது. ரீகனே அதை வெளிப்படையாக எதிர்த்தார். பிரிக்ஸை வலதுசாரி என்று ஒரே புள்ளியில் நிறுத்திவிடலாம். அவருக்குப் பாதி ‘ஆம்’, பாதி ‘இல்லை’ சொன்ன லட்சக்கணக்கான மக்களை எந்தப் புள்ளியில் நிறுத்துவது?

அளவிடுவதில் பெரிய ஆபத்து, யார் மீது பழி போடுவது என்ற அவசரம். 2008இல் 8ஆம் முன்மொழிவு நிறைவேறிய மறுநாளே, கறுப்பின வாக்காளர்களில் 70 சதவீதம் பேர் அதை ஆதரித்தார்கள் என்று வாக்குச்சாவடி வாசல் கருத்துக்கணிப்பு சொன்னதாகச் செய்தி பரவியது. ஒபாமாவுக்காகத் திரண்டு வந்த கறுப்பினத்தவர்தான் காரணம் என்று எழுதித் தள்ளினார்கள். சில மாதங்களில் பாட்ரிக் ஈகன், கென்னத் ஷெரில் என்ற இரு ஆய்வாளர்கள் வேறு கணிப்புகளையும் வட்டார வாக்கு எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்த்தார்கள். உண்மை அளவு 58 சதவீதத்தை ஒட்டியே இருந்திருக்கும் என்று தெரிந்தது. வாரந்தோறும் வழிபாட்டுக்குப் போகும் பழக்கத்தைக் கணக்கில் எடுத்ததும் இனங்களுக்கிடையிலான வித்தியாசம் பெரிதும் கரைந்தது. ஆனால் அந்த 70 என்ற எண் இன்னும் சாகவில்லை. அவசரக் கணிப்பு ஒரு சமூகத்தின் மீது சுமத்திய பழியை, பின்னால் வரும் ஆய்வால் முழுதாகத் துடைக்க முடிவதில்லை. இது என்னை இன்றும் கோபப்படுத்துகிறது.

அப்புறம் காலம் என்ற விஷயம் இருக்கிறது. ஒருபாலினத் திருமணம் பற்றிய கேள்வி கலிபோர்னிய மக்கள் முன் மூன்று முறை வந்தது. 2000இல் 61 சதவீதம் பேர் எதிர்த்தார்கள். 2008இல் 52 சதவீதம். 2024இல், சாசனத்தில் செத்த எழுத்தாகக் கிடந்த அந்தத் தடையை நீக்க 63 சதவீதம் பேர் ‘ஆம்’ என்றார்கள். இங்கே வாக்கு பெயரை எட்டிப் பிடித்துவிட்டது. இன முன்னுரிமையில் நேர்மாறு: 1996இல் தடைக்கு 55 சதவீத ஆதரவு, 2020இல் தடையை வைத்துக்கொள்ள 57. இதே இடைவெளியில் ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளரின் பங்கு 51இலிருந்து 63.5க்கு ஏறியிருந்தது. கட்சி வாக்கு மலையேறியது, கருத்து இருந்த இடத்திலேயே நின்றது.

வீடும் வரியும் இன்னொரு ரகம். 1978 ஜூனில் நிறைவேறிய 13ஆம் முன்மொழிவு, சொத்து வரியை மதிப்பில் 1 சதவீதத்தில் நிறுத்தியது. சொத்து கைமாறும்வரை அந்த மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்றும் கட்டியது. அதனால் ஒரே தெருவில் ஒரே மாதிரி இரண்டு வீடுகள் இருந்தாலும், எப்போது வாங்கினார்கள் என்பதைப் பொறுத்து வரி பல மடங்கு வேறுபடும். 2020இல் வீடுகளைத் தொடாமல் பெரிய வணிகச் சொத்துகளுக்கு மட்டும் சந்தை மதிப்பில் வரி போடலாமா என்று 15ஆம் முன்மொழிவு கேட்டது. 52 சதவீதம் பேர் மறுத்தார்கள். இதைப் பழமைவாதம் என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. குழப்பமான கேள்வி வந்தால் ‘வேண்டாம்’ என்று இருப்பதையே காப்பது வாக்காளர்களின் பொது வழக்கம். பணமும் பேசும்: அதே ஆண்டு செயலி வழி வாகன ஓட்டிகளைத் தொழிலாளர் சட்டத்துக்கு வெளியே வைத்த 22ஆம் முன்மொழிவுக்காக ஊபர், லிஃப்ட் முதலிய நிறுவனங்கள் 20 கோடி டாலருக்கு மேல் செலவழித்து ஜெயித்தன.

ஆனால் மரண தண்டனையில் குழப்பம் என்ற சாக்கு எடுபடாது. கேள்வி நேரானது. ஒழிக்கலாமா என்று 2012இல் கேட்டார்கள், 52 சதவீதம் பேர் மறுத்தார்கள். 2016இல் மறுபடி கேட்டார்கள், 53 சதவீதம் பேர் மறுத்ததோடு, தண்டனையைச் சீக்கிரம் நிறைவேற்றச் சொல்லும் இன்னொரு முன்மொழிவையும் மயிரிழையில் நிறைவேற்றினார்கள். அந்த நவம்பரில் ஹிலாரி கிளின்டனுக்கு அங்கே கிடைத்தது 61 சதவீதத்துக்கும் மேல். 2006க்குப் பிறகு கலிபோர்னியாவில் யாரும் தூக்கிலிடப்படவோ ஊசி போட்டுக் கொல்லப்படவோ இல்லை, உண்மைதான். அதற்கு நீதிமன்ற வழக்குகளும், ஆளுநர் கேவின் நியூசம் 2019இல் போட்ட நிறுத்த உத்தரவுமே காரணம். சட்டம் அப்படியே இருக்கிறது. அமெரிக்காவிலேயே அதிக மரண தண்டனைக் கைதிகள், ஐந்நூறுக்கும் மேற்பட்டோர், இருப்பது அங்கேதான். நிறுத்த உத்தரவை அடுத்து வரும் எந்த ஆளுநரும் ஒரு கையெழுத்தில் ரத்து செய்யலாம்.