வெடியா, நிலநடுக்கமா?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஜல்லி குவாரிகளை ஒட்டிய ஊர்களில், வெடி வைக்கும்போது அடுக்கிய பாத்திரங்கள் கிணுகிணுப்பது பழகிப்போன ஒன்று. அத்தகைய அதிர்வை நிலநடுக்கத்திலிருந்து பிரித்தறிய முடியுமா என்னும் கேள்விதான் 1958-ல் அமெரிக்க அரசின் அறிவியல் ஆலோசகர்களுள் ஒருவரான ஹான்ஸ் பெத்தேயின் முன் வைக்கப்பட்டது. வெடி மட்டும் அணுகுண்டு: சோதனைகளைத் தடைசெய்தால், அதை மீறி நிலத்தடியில் வெடிப்பதைக் கண்டுபிடிக்க முடியுமா?

1906-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் பிறந்து, 1933-ல் நாஜி சட்டத்தால் வேலையிழந்து, கார்னெல் பல்கலைக்கழகத்தில் தஞ்சமடைந்து, அணுகுண்டை உருவாக்கிய லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் கோட்பாட்டுப் பிரிவுக்குத் தலைமையேற்ற பெத்தே, விண்மீன்கள் ஒளிர்வதற்கான அணுக்கருவினைகளைக் கணித்ததற்காக 1967-ல் நோபல் பரிசு பெற்றார். இவ்வளவையும் ஒரே வாக்கியத்தில் கடப்பது அநியாயம்தான்.

வெடி, தன்னைச் சுற்றியுள்ள பாறையை எல்லாத் திசையிலும் வெளிநோக்கித் தள்ளுகிறது. ஆகவே அதிர்வைப் பதிவுசெய்யும் எந்த நிலையத்துக்கும் முதலில் வந்துசேரும் அலை ஓர் அழுத்தமாகவே இருக்கும். நிலநடுக்கத்திலோ பாறையின் இரு பக்கங்கள் ஒன்றையொன்று உரசி நழுவுவதால், சில நிலையங்கள் தள்ளலையும் சில இழுப்பையும் பதிவுசெய்யும். பக்கவாட்டில் அசைக்கும் குறுக்கலைகளும் வலுவாக இருக்கும். (குவாரியில் குழிகளை ஒன்றன்பின் ஒன்றாக வெடிப்பதால் பதிவு சற்றுக் குழம்பும்.) அதிர்வு சிறியதானால் முதல் அசைவே இரைச்சலில் மறைந்துவிடும் என்பதுதான் சிக்கல். பழைமையான கடும்பாறை அலைகளை அதிகம் கரைக்காமல் கடத்துவதால் அத்தகைய நிலப்பரப்பு இதற்கு ஏற்றது. ஓசூரிலிருந்து பார்த்தால் பெங்களூருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கௌரிபிதனூரில் 1965-ல் நில அதிர்வுமானிகளை வரிசையாக நிறுவியதும் அணுவெடிப்புகளைக் கண்டறியத்தான்.

அணுகுண்டுச் சோதனைத் தடையை மனதார விரும்பிய பெத்தேவுக்கு ஒரு சோதனை வந்தது. மிகப் பெரிய நிலத்தடிக் குகைக்குள் குண்டை வெடித்தால், சுவரில் விழும் அழுத்தம் பாறையை நொறுக்காமல் மீள்தன்மை எல்லைக்குள்ளேயே, அதாவது பழைய நிலைக்குத் திரும்பும் அளவுக்கே, நெளியவைக்கும் என்றும், அதிர்வு 300 மடங்குவரை குறையலாம் என்றும் இயற்பியலாளர் ஆல்பர்ட் லேட்டர் கணக்கிட்டார். தடையை மீறுவோர் வெடிப்பை இப்படி மறைத்துவிடலாம். அதைச் சரிபார்த்த பெத்தே, தம் நோக்கத்துக்கே எதிரானது என்று தெரிந்தும், 1959-ல் ஜெனீவாவில் சோவியத் பிரதிநிதிகளுக்கு அவரே விளக்கினார். ஆலோசகராக அவர் செய்தவற்றுள் எனக்குப் பெரிதாகத் தெரிவது இதுதான். 1963-ல் கையெழுத்தான ஒப்பந்தம் வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் சோதனைகளைத் தடைசெய்தது, நிலத்தடியை விட்டுவிட்டது. 1966-ல் மிசிசிப்பியில், உப்புப்பாறைக் குகையொன்றில் 380 டன் டி.என்.டி. வெடிமருந்துக்கு நிகரான ஆற்றலுடன் வெடித்து அளந்தபோது, அதிர்வு சுமார் 70 மடங்கு குறைந்திருந்தது.