சுவான்யுவே: தமிழில் ஊடுபாய்வு

சீன வரலாற்றுக் கற்பனைத் தொடர்களைப் பற்றித் தமிழில் எழுதுவோர் பலர் ‘டைம் டிராவல்’ என்றோ ‘காலப்பயணம்’ என்றோ பெயர்த்துவிடும் சொல் ‘சுவான்யுவே’. முதலெழுத்தைப் ‘பச்சை’ என்பதில் வரும் சகரம்போல வல்லொலியாக ஒலிக்க வேண்டும். காலப்பயணம் என்னும் பெயர்ப்பு இச்சொல்லின் பாதிப் பொருளையே தருகிறது.

இது சீன எழுத்தில் ஈரெழுத்துச் சொல். ‘சுவான்’ என்பதன் அடிப்படைப் பொருள் துளைத்து ஊடே செல்லுதல். அதன் எழுத்துருவில் மேலே குழியையும் கீழே பல்லையும் குறிக்கும் உறுப்புகள் உள்ளன. ஊசியில் நூல் கோப்பதற்கும் ஆடை உடுத்துவதற்கும்கூடச் சீனர் இந்த வினையையே ஆள்கின்றனர். ‘யுவே’ என்றால் தாண்டுதல். பாலைவனத்தைக் கடப்பது போன்ற செயல்களுக்கு வழங்கிவந்த இக்கூட்டுச்சொல்லை, இணைய நாவல்கள் பெருகிய 2000-களில் ஒரு கதைவகையின் பெயராக்கிவிட்டனர்: இக்காலத்தவர் ஒருவர் ஏதோவொரு விபத்தில் நினைவிழந்து, பழைய அரண்மனையொன்றில் கண்விழிக்கும் கதை அது. 2011-இல் இத்தகைய தொடர்கள் பெருகியபோது, அவை வரலாற்றை விளையாட்டாகக் கையாளுகின்றன என்று சீன அரசின் ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அமைப்பே குறைகூறியது.

இவ்வகைக்குள் நுட்பமான பிரிவுகள் உண்டு. உடலோடு கடப்பது ‘ஷென்சுவான்’. உயிர் மட்டும் கடந்து வேறோர் உடலில் புகுவது ‘ஹுன்சுவான்’. 2015-இல் வெளிவந்த ‘கோ பிரின்சஸ் கோ’ என்னும் நகைச்சுவைத் தொடரில், இக்கால ஆடவன் ஒருவன் நீச்சல்குளத்தில் விழுந்து பட்டத்து இளவரசியின் உடலில் விழிக்கிறான். மூன்றாவது ‘சுவான்ஷு’, அதாவது ஒரு நூலுக்குள்ளேயே புகுந்துவிடுவது. 2020-இல் வந்த ‘தி ரொமான்ஸ் ஆஃப் டைகர் அண்ட் ரோஸ்’ தொடரின் நாயகி ஒரு திரைக்கதையாசிரியர். தான் எழுதிய கதைக்குள், தொடக்கத்திலேயே சாகவேண்டிய துணைப்பாத்திரமாக விழித்து, தன் கையால் எழுதிய சாவிலிருந்தே தப்ப முயல்கிறாள். அவள் சென்றது எந்த நூற்றாண்டுக்கும் அன்று. காலப்பயணம் என்னும் சொல் தோற்றுப்போவது இங்கேதான்.

உயிர் உடல்மாறும் கருத்து தமிழுக்குப் புதிதன்று; ‘கூடுவிட்டுக் கூடு பாய்தல்’ என்று நாம் நெடுங்காலமாகச் சொல்லிவருவது அதைத்தான். சாத்தனூரில் இறந்துகிடந்த ஆயன் மூலனைச் சுற்றிச்சுற்றி வந்து கதறிய பசுக்களின் துயர் பொறாமல், சிவயோகியார் ஒருவர் அவ்வுடலில் புகுந்து திருமூலரானதைப் பெரியபுராணம் உரைக்கிறது. அங்கே பாயச் செய்தது அருள். சீனத் தொடரில் அது பெரும்பாலும் தற்செயல். நோக்கம் வேறாயினும் நிகழ்வு ஒன்றே என்பதால், ‘ஹுன்சுவான்’ என்பதற்குக் ‘கூடுபாய்வு’ என்பதினும் பொருந்தும் சொல் எனக்குத் தென்படவில்லை.

பொதுப்பெயராக நான் முன்வைப்பது ‘ஊடுபாய்வு’. ஊடுருவல் என்றால் எல்லை தாண்டும் படையினர் நினைவுக்கு வருவர். ஆகவே அது வேண்டாம். ‘ஊடு’ என்பதோ துளைத்துச் செல்லும் பொருளோடு நெசவுக்கும் உரியது: பாவு இழைகளின் நடுவே குறுக்காக ஓடும் இழையை நெசவாளர் ஊடு, ஊடை என்பர். நூல் கோப்பதையும் உடுத்துவதையும் ஒரே எழுத்தில் அடக்கிய சீனச் சொல்லுக்கு இந்தத் தறிச்சொல் இயல்பாகவே இணையாகிறது. உடலோடு கடப்பதை ‘மெய்ப்பாய்வு’ என்றும், நூலுக்குள் புகுவதைக் ‘கதைப்பாய்வு’ என்றும் வகுத்துக்கொண்டால், மேற்சொன்ன 2020-ஆம் ஆண்டுத் தொடரைக் ‘கதைப்பாய்வுக் காதல் நகைச்சுவைத் தொடர்’ என்று தயக்கமின்றி எழுதலாம்.