கறவை மாட்டுக் கடன்: பழங்குடிப் பெண்கள் விண்ணப்பிக்கும் முன் அறிய வேண்டியவை

சித்தேரி, வத்தல்மலை ஆகிய மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடிப் பெண்களும், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பகுதி இருளர் பெண்களும் கறவை மாடு வாங்கிப் பிழைக்க எண்ணினால், தேசியப் பழங்குடியினர் நிதி மற்றும் மேம்பாட்டுக் கழகத்தின் ‘ஆதிவாசி மகிளா சசக்திகரண் யோஜனா’ அவர்களுக்கான கடன் திட்டமாகும். தமிழ்நாட்டில் இதற்குத் தாட்கோ (தமிழ்நாடு ஆதிதிராவிடர் வீட்டுவசதி மற்றும் மேம்பாட்டுக் கழகம்) மாவட்ட அலுவலகத்தை அணுக வேண்டும். 2 லட்சம் ரூபாய் வரையிலான தொழிலுக்கு, அதன் மதிப்பில் 90 சதவீதம் வரை, ஆண்டுக்கு 4 சதவீத வட்டியில் கடன் கிடைக்கும். இரண்டு மாடுகளும் கொட்டகையும் சேர்ந்து 1,50,000 ரூபாய் ஆகுமானால் 1,35,000 வரை கடன் பெறலாம். ஓராண்டு வட்டி 5,400 ரூபாய்க்கு மேல் போகாது. இதே தொகையை வெளியில் மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கினால் ஆண்டுக்கு 32,400 ரூபாய் வட்டிக்கே போய்விடும்.

பழங்குடியினர் சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் அல்ல, கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியரே வழங்குவார். விசாரணைக்கு நாளாகும் என்பதால் முதலில் இதற்கு விண்ணப்பிப்பதே நல்லது. மணமான பெண்ணுக்கும் பெற்றோரின் சாதியை வைத்தே சான்றிதழ் தரப்படும். கணவரின் சான்றிதழ் போதாது. வருமானச் சான்றும் தேவை.

கடனை அடைப்பதில் சிக்கல் பெரும்பாலும் பால் வற்றும் காலத்தில்தான் வருகிறது. கன்று ஈன்ற மாடு ஏறத்தாழ பத்து மாதம் கறந்து, அடுத்த ஈற்றுக்கு முன் இரண்டு மாதமாவது வற்றி நிற்கும், தவணையோ நிற்காது. ஆகவே இரண்டு மாடுகளையும் ஒரே நாளில் வாங்காமல், ஒன்று வற்றும்போது மற்றொன்று கறவையில் இருக்குமாறு ஐந்தாறு மாத இடைவெளியில் வாங்க அனுமதி கேட்பது அறிவுடைமை. பால் வண்டி வராத ஊரில் கடன் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பால் கூட்டுறவுச் சங்கத்தில் கறப்பவர் பெயரிலேயே உறுப்பினர் சேர்க்கை இருக்கட்டும். கொழுப்பும் இதரச் சத்தும் பார்த்துக் கணக்கிடும் தொகை அவருடைய வங்கிக் கணக்கில் வர வேண்டும், சங்கத் தேர்தலில் வாக்கும் அவருக்கே சேர வேண்டும். கூட்டாகத் தொழில் தொடங்கும் மகளிர் குழுவுக்கு, இதே கழகத்தின் சிறுகடன் திட்டத்தில் உறுப்பினருக்கு 50,000 ரூபாய் வரை, குழுவுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். தீவனக் கடையோ பால்கோவா தயாரிப்போ தொடங்க அது உதவும்.

மாடு வந்தவுடன் காப்பீடு செய்து காதில் அடையாள வில்லை போட்டுவிடுங்கள். வில்லை கழன்று விழுந்தால் அன்றே கால்நடை மருந்தகத்தில் தெரிவியுங்கள். வில்லை இல்லாமல் மாடு இறந்தால் இழப்பீடு கேட்பது கடினம்.